பத்தமடை தந்த மருத்துவத் துறவி

மனித உடல் என்றும் நிலைத்திருக்கும் பொருளன்று. எனினும் அறம் செய்வதற்கும் அறிவு பெறுவதற்கும் அதனையன்றி நமக்கு வேறு கருவி இல்லை. ஆதலின் உடலை ஓம்புதலும் உள்ளத்தை ஒருநிலைப்படுத்துதலும் ஒன்றோடொன்று பிணைந்த கடமைகள் என நம் முன்னோர் கண்டனர். திருமூலர் தம் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தை யோகத்திற்கென்றே வகுத்தார். யோக நூல் செய்த பதஞ்சலியாரைத் தில்லைக் கூத்தப் பெருமானோடு இணைத்துப் போற்றுவது தமிழகத்தின் நெடுநாள் மரபு. இத்துணைப் பழமை வாய்ந்த கலை நெடுங்காலம் பெரும்பாலும் குகைகளிலும் மடங்களிலும் ஒதுங்கியே இருந்தது. அதனை அலுவலகம் செல்வோரும், அடுக்களையில் உழைப்போரும், பள்ளி மாணவரும் பயிலத்தக்க எளிய முறையாக்கி நாடெங்கும் பரப்பிய பெருமக்களுள் ஒருவர் நம் நெல்லைச் சீமையிற் பிறந்தவர். அவரே சுவாமி சிவானந்தர்.

மோதி பாக்கிலும் அதனைச் சூழ்ந்த குடியிருப்புகளிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் யோகப் பயிற்சி இன்று புதுமையன்று. விடியற்காலையில் பூங்காவின் புல்வெளியில் பாய் விரித்து அமர்வோரைக் காண்கிறோம். ஆயினும் இருவகைத் தவறான எண்ணங்கள் நம்மிடையே உலவுகின்றன. யோகம் துறவிகட்கும், உடல் வளையும் இளைஞர்க்குமே உரியது என்று எண்ணி ஒதுங்குவோர் ஒரு சாரார். ஆசனம் பயின்றால் மருந்தே வேண்டுவதில்லை என்று துணிவோர் மற்றொரு சாரார். நமக்கு நன்கு தெரிந்த அன்பர் ஒருவர், சில திங்கள் ஆசனம் பயின்றதும், நீரிழிவுக்கு உண்டுவந்த மாத்திரைகளைத் தம் மனம் போல நிறுத்திவிட்டார். ஓரிரு திங்களுக்குள் அவரை மருத்துவமனையிற் சேர்க்க நேர்ந்தது. நல்லூழாக அவர் நலம் பெற்றுத் திரும்பினார். இவ்விரு சாரார்க்கும் தக்க விடையாக அமைந்தது சிவானந்தரின் வாழ்க்கை. ஆகவேதான் இவ்வாண்டு மலரில் அதனை எடுத்துரைக்க முற்பட்டோம்.

இளமையும் கல்வியும்

பொருநையாற்றின் பாசனத்தால் வளம் பெற்ற ஊர்களுள் ஒன்று பத்தமடை. கோரையை நுண்ணிதாகக் கிழித்து, பட்டுப்போல் மடியும் பாய்களை நெய்யும் ஊர் என்று அதன் பெயரைத் தமிழுலகம் அறியும். அவ்வூரில் 1887ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 8ஆம் நாள் வேங்கு ஐயருக்கும் பார்வதி அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார் குப்புசாமி. அப்பைய தீட்சிதர் மரபினர் என்னும் பெருமை அக்குடும்பத்திற்கு உண்டு. தந்தையார் எட்டயபுரம் சமஸ்தானத்தில் வருவாய்த் துறை அலுவலராக இருந்தமையால், பாரதியார் பிறந்த அவ்வூரிலேயே குப்புசாமியின் பள்ளிக் கல்வி நடைபெற்றது.

படிப்பில் மட்டுமன்றி உடற்பயிற்சியிலும் அவருக்குப் பெருவிருப்பம் இருந்தது. வாள்வீச்சுக் கற்க விரும்பி ஓர் ஆசிரியரை நாடினார். அவ்வாசிரியர் தாழ்த்தப்பட்ட குலத்தவர். அவரிடம் மாணவனாக நிற்றல் தகாது என்று சுற்றத்தார் தடுத்தனர். இளைஞரோ, மலரும் புத்தாடையும் காணிக்கையும் கொண்டு சென்று அவ்வாசிரியரின் அடிகளில் வீழ்ந்து வணங்கினார். பிற்காலத்தில் எவரைக் கண்டாலும் முதலிற் கைகுவித்து வணங்கும் வழக்கம் அவரிடம் வேரூன்றியிருந்தது. அதன் விதை இளமையிலேயே ஊன்றப்பட்டது எனலாம்.

திருச்சிராப்பள்ளியிற் கல்லூரிப் படிப்பை முடித்தபின் தஞ்சை மருத்துவப் பள்ளியிற் சேர்ந்தார். விடுமுறை நாட்களிலும் ஊர் திரும்பாமல் மருத்துவமனையிலேயே தங்கிப் பயின்றார். 1909ஆம் ஆண்டு திருச்சியில் அம்ப்ரோசியா என்னும் ஆங்கில மருத்துவ இதழைத் தொடங்கினார். அதற்கு முதலாக அமைந்தது அவருடைய அன்னையார் அளித்த நூறு ரூபாய். மருத்துவ அறிவு மருத்துவரோடு நின்றுவிடாமல் பொதுமக்களையும் சென்றடைய வேண்டும் என்பதே அவ்விதழின் நோக்கம். பல கட்டுரைகளை அவரே வெவ்வேறு புனைபெயர்களில் எழுதினார். கற்றதை அச்சிட்டுப் பிறர்க்கு வழங்கும் இப்பழக்கம் இறுதிவரை அவரை விட்டு நீங்கவில்லை.

கடல் கடந்த தமிழர்

இதழால் வருவாய் பெருகவில்லை. சென்னையில் ஒரு மருந்தகத்திற் சிறிது காலம் பணியாற்றினார். பின்னர் 1913ஆம் ஆண்டு, தாரா என்னும் கப்பலில் ஏறி மலேயா நாட்டிற்குப் புறப்பட்டார். கப்பலிற் புலால் கலவாத உணவு கிட்டாது என்று அஞ்சி, வீட்டிலிருந்து எடுத்துச் சென்ற இனிப்புப் பண்டங்களையே உண்டு நாட்களைக் கழித்தார். சிங்கப்பூரில் இறங்கும்போது மிகவும் சோர்ந்திருந்தார். புதிய ஊர், உறவினர் எவரும் இல்லை. கையில் ஓர் அறிமுகக் கடிதமே துணை. பிழைப்பை நாடி ஊர்விட்டு ஊர் வந்த நம்மில் எவர்க்குத்தான் இந்நிலை புரியாது?

நெகிரி செம்பிலான் மாநிலத்துச் செரம்பான் நகருக்கு அருகில் ஒரு ரப்பர்த் தோட்ட மருத்துவமனையில் அவருக்கு வேலை கிடைத்தது. ஏறத்தாழ ஏழாண்டுகள் அங்குத் தொண்டாற்றியபின் ஜொகூர் பாருவில் மூன்றாண்டுகள் பணிபுரிந்தார். அக்காலத்து மலேயா ரப்பர்த் தோட்டங்களில் உழைத்தோருட் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஏழைக் கூலிமக்கள். மலைக்காய்ச்சலும் வயிற்றுநோயும் அவர்களை வாட்டின. டாக்டர் குப்புசாமி இரவென்றும் பகலென்றும் பாராமல் அவர்க்கு மருத்துவம் செய்தார். ஏழையரிடம் கட்டணம் பெறாததோடு, நோய் நீங்கியவர்க்கு உணவுச் செலவுக்கும் பொருள் கொடுத்து அனுப்பினார் என்பர்.

அங்கேதான் அவருடைய வாழ்வு திசை திரும்பியது. நோயுற்று வந்த ஒரு துறவிக்கு அவர் மருத்துவம் செய்தார். அத்துறவி நன்றியாக அளித்துச் சென்ற வேதாந்த நூல் அவருடைய சிந்தனையைக் கிளறிற்று. நூல்களின் துணையால் ஆசனமும் மூச்சுப் பயிற்சியும் பழகலானார். உடலின் நோய்க்கு மருந்து உண்டு; மீண்டும் மீண்டும் துன்பத்தை வருவித்துக்கொள்ளும் உள்ளத்தின் நோய்க்கு மருந்து யாது என்னும் வினா அவரை விடாது பற்றிக்கொண்டது. நல்ல வருவாயும் நற்பெயரும் இருந்தும், 1923ஆம் ஆண்டு பதவியைத் துறந்து தாயகம் திரும்பினார்.

கங்கைக் கரையில்

காசி முதலிய தலங்கட்கு யாத்திரை சென்றார். வழியில் ஓரூரில் அஞ்சல் நிலைய அலுவலர் ஒருவருக்குச் சமையல் செய்து சில காலம் தங்கினார். மருத்துவராக இருந்து கைநிறையப் பொருள் ஈட்டியவர், பிறர் வீட்டு அடுக்களையில் மனமுவந்து பணிபுரிந்தார். தனித்திருந்து தவம் இயற்றத் தக்க இடம் ரிஷிகேசம் என்று அறிந்து, 1924ஆம் ஆண்டு மே மாதம் அங்குச் சென்று சேர்ந்தார். அவ்வாண்டு ஜூன் முதல் நாள் சுவாமி விசுவானந்த சரசுவதியிடம் துறவு பெற்றுச் சிவானந்தர் ஆனார். அப்போது அவருக்கு வயது 36.

கங்கையின் கிழக்குக் கரையிலுள்ள சுவர்க்காசிரமத்தில் ஒரு சிறு குடிலில் தங்கிக் கடுந்தவம் புரிந்தார். அன்ன சத்திரத்திற் கிடைத்த உலர்ந்த ரொட்டியைக் கங்கை நீரில் தோய்த்து உண்டார். பனிக் காலத்திலும் இடுப்பளவு நீரில் நின்று மந்திரம் செபித்தார். இங்ஙனம் தவம் செய்த துறவியர் பலர். மருந்துப் பெட்டியை மூடாமல் தவம் செய்ததே இவருடைய தனிச்சிறப்பு. காலராவும் அம்மையும் கண்ட சாதுக்களை அவர்தம் குடிலுக்கே சென்று பேணினார். 1927ஆம் ஆண்டு, தம் ஆயுள் காப்புறுதியினின்று கிடைத்த பணத்தைக் கொண்டு இலட்சுமண ஜூலாவில் ஓர் இலவச மருந்தகம் நிறுவினார்.

பத்ரிநாதம் நோக்கி நடந்துகொண்டிருந்த ஒரு யாத்திரிகருக்கு அவர் ஒருநாள் மருந்து கொடுத்தார். அவர் சென்றபின், அந்நோய்க்கு இதனினும் சிறந்த மருந்து ஒன்று தம்மிடம் உள்ளது என்பது நினைவுக்கு வந்தது. மறுநாட் காலையில் அம்மருந்தை எடுத்துக்கொண்டு மலைப்பாதையிற் பல கல் தொலைவு ஓடி, யாத்திரிகரைக் கண்டு, அதனை அளித்துவிட்டே மீண்டார். தியானத்தை விடுத்து நோயாளியின் பின் ஓடுவதா என்று ஐயுறுவோர் உண்டு. சிவானந்தரைப் பொறுத்தவரை அவ்வோட்டமும் யோகமே. தன்னலம் கருதாத தொண்டினால் உள்ளம் தூய்மையாகாதவரை மூச்சை அடக்குவதாற் பயனில்லை என்பது அவருடைய உறுதியான கொள்கை.

1930ஆம் ஆண்டின் இறுதியில் ருமேனிய நாட்டு இளைஞர் மிர்ச்சா எலியாடே சில திங்கள் சுவர்க்காசிரமத்தில் தங்கி அவரோடு பழகினார். பிற்காலத்தில் யோகத்தைப் பற்றிப் பெருநூல் எழுதி உலகப் புகழ் பெற்ற சமய வரலாற்றறிஞர் அவரே.

அஞ்சல் வழியே யோகம்

1934ஆம் ஆண்டு சிவானந்தர் ஆற்றைக் கடந்து மேற்குக் கரைக்கு வந்தார். கைவிடப்பட்ட பாழடைந்த மாட்டுக் கொட்டிலே அவருக்கு ஆசிரமம் ஆயிற்று. 1936ஆம் ஆண்டு சனவரியில் தெய்வ நெறிக் கழகத்தை நிறுவினார். 1938இல் அதன் ஆங்கிலத் திங்களிதழ் தோன்றியது. 1948ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் நாள் யோக வேதாந்த ஆரணியக் கழகம் என்னும் பயிற்சிக் கூடம் தொடங்கப்பெற்றது. 1951இல் ஆசிரமத்திற்கென ஓர் அச்சகமும் அமைந்தது.

அக்காலத்தில் யோகம் கற்க விரும்புவோர் ஆசிரியரைத் தேடிக் காடும் மலையும் அலைய வேண்டியிருந்தது. பலர் தாம் கற்றதை மறைபொருள் என்று மூடி வைத்தனர். சிவானந்தரோ துண்டுத் தாள்களிலும் சிறு நூல்களிலும் அதனை அச்சிட்டுக் கேட்டவர்க்கெல்லாம் அஞ்சலில் அனுப்பினார். 1929ஆம் ஆண்டு சென்னையில் வெளியான யோகப் பயிற்சி நூல் அவருடைய முதல் நூல். இறுதிக்குள் இருநூறுக்கும் மேற்பட்ட நூல்களை எழுதிவிட்டார். இந்தியாவின் பல மொழியினரும் பிற நாட்டவரும் படிக்க வேண்டும் என்று பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதினார். நடையழகைக் கருதாமல், மருத்துவர் மருந்துச் சீட்டு எழுதுவதுபோல, இதனை இவ்வளவு நேரம் செய்க, இந்நிலையில் இதனை விலக்குக என்று வரையறுத்துச் சொல்வதே அவருடைய முறை.

அம்முறையின் சாரத்தை எளிதிற் கூறலாம். எண்ணற்ற ஆசனங்களைக் கற்கப் புகாமல், இன்றியமையாத சிலவற்றை நாள்தோறும் தவறாது செய்தல், நடுவே சவாசனத்தில் உடலைத் தளர்த்தி ஓய்வு கொடுத்தல், வலிந்து அடக்காமல் சிறிது சிறிதாக மூச்சை ஒழுங்குபடுத்தல், அளவான தூய உணவு, சிறிது நேரம் செபமும் தியானமும், பிறர்க்குத் தொண்டு. இவற்றோடு ஓர் ஆன்ம நாட்குறிப்பும் எழுதச் சொன்னார். எத்தனை மணிக்கு எழுந்தோம், எத்தனை முறை சினந்தோம், எவ்வளவு நேரத்தை வீணாக்கினோம் என்று இரவில் கணக்கெழுதச் செய்வது அது. கணக்கும் கோப்பும் நன்கறிந்த நம் அலுவலக அன்பர்கட்கு இது கடினமன்று. ஆனால் தம் கணக்கைத் தாமே தணிக்கை செய்தல் எளிதும் அன்று.

சினத்தை வெல்லுதல் அவர்க்கு வெறும் ஏட்டுப் பாடமாக இருக்கவில்லை. 1950ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் ஓரிரவு, வழிபாட்டுக் கூட்டத்தில் ஒருவன் கோடரியால் அவரைத் தாக்கினான். நல்லூழாக வீச்சு குறி தவறியது. அருகிருந்தோர் அவனைப் பிடித்தனர். சிவானந்தர் அவனை ஒறுக்க இசையாமல், வணங்கி, உணவும் நூல்களும் பயணத்திற்குரிய பொருளும் அளித்து அவனுடைய ஊருக்கு அனுப்பிவைத்தார். மன அமைதி என்பது கண்மூடி அமர்ந்திருக்கும் அரைமணி நேரத்திற்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

அவ்வாண்டு செப்டம்பர்த் திங்கள் முதல் இரண்டு மாதம் இந்தியா முழுவதும் இலங்கையிலும் சுற்றுப்பயணம் செய்து, ஊர்தோறும் பாடியும் பேசியும் ஆசனங்களைச் செய்து காட்டச் செய்தும் யோகத்தைப் பரப்பினார். பிறந்த தமிழகத்தை விட்டுப் பல்லாண்டுகள் கழித்து வந்த அவரை மக்கள் பெருந்திரளாகக் கூடி வரவேற்றனர்.

ஓர் இளைஞர் பெற்ற ஆறுதல்

தில்லித் தமிழராகிய நாம் மறவாது போற்றத் தக்க நிகழ்ச்சி 1958ஆம் ஆண்டைச் சார்ந்தது. இராமேசுவரத்து இளைஞர் ஒருவர், தில்லியில் ஒரு நேர்முகத் தேர்வை முடித்துக்கொண்டு, விமானப்படைத் தேர்வுக்காக டேராடூன் சென்றார். வானிற் பறப்பதே அவருடைய வாழ்நாட் கனவு. எட்டுப் பேரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வில் அவர் ஒன்பதாம் இடத்தைப் பெற்றார். உள்ளம் உடைந்து ரிஷிகேசம் சென்று, கங்கையில் நீராடி, சிவானந்தரைக் கண்டார். முசுலிமாகிய அவ்விளைஞரின் துயரை வினவி அறிந்த துறவி, தோல்வியை மறந்து ஊழ் வகுத்த பாதையைத் துணிவோடு ஏற்குமாறு தேற்றி அனுப்பினார். தில்லிக்குத் திரும்பிய அவர், பாதுகாப்புத் துறையின் தொழில்நுட்ப இயக்ககத்தில் ரூ. 250 சம்பளத்தில் பணியிற் சேர்ந்தார். 2002இல் அதே தில்லியில் குடியரசுத் தலைவராகப் பதவியேற்ற ஆ. ப. ஜெ. அப்துல் கலாமே அவ்விளைஞர். தம் தன்வரலாற்றில் இந்நிகழ்ச்சியை அவர் நன்றியுடன் பதிவு செய்துள்ளார். தேர்வுகளிலும் நேர்முகங்களிலும் இடம் தவறி வாடும் நம் பிள்ளைகட்கு இதனைப் பெற்றோர் எடுத்துச் சொல்லல் வேண்டும்.

மாணாக்கர் வழிப் பரவியது

1963ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் நாள், 75ஆம் வயதில், சிவானந்தர் கங்கைக் கரையில் உடல் நீத்தார். அவர் பயிற்றிய மாணாக்கர் பணியைத் தொடர்ந்தனர். சுவாமி சிதானந்தர் கழகத்தின் தலைமையை ஏற்றார். விஷ்ணுதேவானந்தர் 1957இல் மேனாடு சென்று, மாண்ட்ரியல் நகரில் 1959இல் யோக நிலையம் அமைத்தார். சத்தியானந்தர் முங்கேரில் பீகார் யோகப் பள்ளியை நிறுவினார். கோவை மாவட்டம் செட்டிபாளையத்திற் பிறந்த சச்சிதானந்தர் இலங்கையிலும், 1966 முதல் அமெரிக்காவிலும் தொண்டாற்றினார். 2014ஆம் ஆண்டு டிசம்பரில் ஐக்கிய நாடுகள் அவை ஜூன் 21ஆம் நாளை உலக யோக நாள் என அறிவித்தது. மறு ஆண்டு அந்நாளில், இன்று கர்த்தவ்ய பாதை எனப்படும் நம் தில்லி ராஜபாதையில் 35,985 பேர் ஒருங்கே யோகம் பயின்றனர். அவர்களுள் எத்தனை பேர் பத்தமடையின் பெயரைக் கேட்டிருப்பர்?

நாம் கொள்ளத் தக்கவை

ஓர் உண்மையை மறைக்காமற் கூறுதல் நம் கடமை. பிற்காலத்தில் சிவானந்தரே நீரிழிவாலும் இடுப்பு வலியாலும் துன்புற்றார். யோகம் பயின்றவர்க்கு நோயே வாராது என்று எண்ணுவோர் இதனைக் கருதுக. நோயை அவர் மறைக்கவும் இல்லை. நோயைக் காரணங்காட்டிப் பணியை நிறுத்தவும் இல்லை. அவர் ஆசிரமத்தில் யோகக் கூடம் மட்டுமன்று, மருத்துவமனையும் எழுந்தது. கண்நோயாளர்க்கும் தொழுநோயாளர்க்கும் அங்குத் தொண்டு நடைபெற்றது. யோகமும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு இதுவே சான்று. அவர் காலத்து நூல்களில் சில ஆசனங்கட்குக் கூறப்பட்ட பயன்கள் யாவும் இன்றைய மருத்துவ ஆய்வால் உறுதி பெற்றவை அல்ல. முதுகு வலியும் மன இறுக்கமும் தணியவும், இரத்த அழுத்தம் ஓரளவு குறையவும் யோகம் துணை செய்கிறது என்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. துணையைத் துணையாகக் கொள்வதே அறிவுடைமை.

ஆதலின், மிகுந்த இரத்த அழுத்தமோ, கழுத்தெலும்புத் தேய்வோ, கண்ணில் நீரழுத்த நோயோ உடையவர்கள் தலைகீழாக நிற்கும் ஆசனத்தை விலக்குக. மருத்துவர் சொல்லாமல் எந்த மருந்தையும் நிறுத்தற்க. கார்த்திகை, மார்கழி மாதங்களில் தில்லியைப் புகை மூடியிருக்கும் வேளையில், திறந்த வெளியில் ஆழ்ந்து மூச்சிழுத்தல் வேண்டா. வீட்டினுள் எளிய அளவிற் பயில்க. முதியோர் நாற்காலியில் அமர்ந்தே தோளையும் கணுக்காலையும் அசைத்து மூச்சை ஒழுங்கு செய்யலாம். நாளொன்றுக்கு இருபது நிமிடமாயினும் தவறாமை பெரிது. ஒருநாள் இரண்டு மணி நேரம் செய்து மறுவாரம் மறந்துவிடுவதால் ஆவது ஒன்றுமில்லை.

ரிஷிகேசம் தில்லியினின்று ஏறத்தாழ 240 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஆண்டுதோறும் நம்மவர் பலர் அரித்துவாரம் வரை சென்று மீள்கின்றனர். அடுத்த முறை செல்வோர் சற்று மேலே சென்று, நம்மைப் போலவே ஊர்விட்டு வந்து, வந்த ஊரைத் தன்னூராக்கிக்கொண்ட அத்தமிழரின் சமாதியில் சிறிது நேரம் அமர்ந்து வருக. இயலாதோர், ஊரிலிருந்து கொணர்ந்து பெட்டியில் மடித்து வைத்திருக்கும் பத்தமடைப் பாயை எடுத்து விரித்து, நாளைக் காலையே பயிற்சியைத் தொடங்குக. அப்பெரியார்க்கு நாம் செலுத்தத் தக்க நன்றி அதுவே.